எரர் கோட் வந்தாலே ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிடுவதா?

செக் இன்ஜின் லைட் எரிகிறது என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஸ்கேனரைச் சொருகுகிறார்கள், திரையில் வருகிற எரர் கோடை, அதாவது கோளாறு எண்ணைப் பார்க்கிறார்கள், "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்கள். முடிந்தது. புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிற சென்சார் அது. பானட்டைத் திறப்பதில்லை. குனிந்து சைலன்சர் லைனைப் பார்ப்பதில்லை. ஒயரைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னுடையது 2011 மாடல் பெட்ரோல் கார். 15 வருடம் முடிவதால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் புகைச் சான்றிதழ் வேண்டும். சென்னையில் 2010 ஏப்ரலிலேயே பாரத் ஸ்டேஜ் 4 வந்துவிட்டதால் பழைய வண்டி என்று எந்தச் சலுகையும் கிடையாது. ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அப்புறம் 2500 ஆர்.பி.எம்.மில் வைத்து லாம்டா, அதாவது காற்று-பெட்ரோல் கலவை சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்கிற எண், பார்க்க வேண்டும். அது 0.97க்கும் 1.03க்கும் நடுவில் நிற்க வேண்டும். சென்சார் தப்பாகப் படிக்கிற காரில் லாம்டா எங்கே நிற்கும்? அதனால்தான் டெஸ்ட்டுக்கு முன்பே சரிசெய்துவிடலாம் என்று போனேன்.

வந்த கோட் பி0131. முதல் சென்சாரின் வோல்டேஜ் குறைவாக வருகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏன் குறைகிறது என்று அது சொல்வதே இல்லை. கலவையில் பெட்ரோல் கூடினால் இந்த சென்சார் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், குறைந்தால் 0.1 பக்கம் இறங்கும். சூடான இன்ஜினில் நல்ல சென்சார் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கீழேயே கிடக்கிறது என்றால் சென்சார் செத்திருக்கலாம். ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம். இல்லை, சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம்! மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தானே மெக்கானிக்குக்குக் காசு கொடுக்கிறோம்? சென்சார் அந்தந்த நொடியில் காட்டுகிற வோல்டேஜ், லைவ் டேட்டா, அதே ஸ்கேனரில்தான் இருக்கிறது. இன்ஜினுக்குள் காற்று போகிற இன்டேக்கில் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் அடித்தால், உயிருள்ள சென்சார் சட்டென்று மேலே ஏறிக் காட்டும். இதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சென்சாரை மாற்றினார்கள். எரர் கோடை அழித்தார்கள். லைட் அணைந்தது. அழித்தால் அணையத்தானே செய்யும்! கொஞ்ச நாளில் திரும்ப எரிந்தது. திரும்பப் போய்க் கேட்டால், "அப்போ ஈ.சி.எம். போயிருக்கும் சார்." எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று முடிவுசெய்கிற இன்ஜின் கம்ப்யூட்டர்தான் ஈ.சி.எம். அதாவது, சில ஆயிரம் போனது போதாது, இன்னும் பல ஆயிரம் எடு.

காலையில் இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது நானே பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவருகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பைப்பும் சேருகிற இடத்தில், சென்சாருக்கு முன்னால், விரல் அகலத்துக்குக் கரி விசிறியடித்திருந்தது. இன்ஜின் சூடேறியதும் உலோகம் விரிந்து சத்தம் அடங்கிவிட்டது. அந்த இடத்தை அடைத்து வைக்கிற கேஸ்கெட்டில் ஓட்டை. அவ்வளவுதான்!

புகை சீராக வெளியேறுவதில்லை, துடிப்பு துடிப்பாக வரும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். காற்றில் இருக்கிற ஆக்ஸிஜனைப் பார்த்து சென்சார் வோல்டேஜைக் குறைக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து ஈ.சி.எம். இன்னும் ஊற்றுகிறது. பிளக் கறுக்கும், மைலேஜ் விழும், கார்பன் மோனாக்சைடு எகிறும். புத்தம் புது சென்சாரைப் போட்டாலும் அதுவும் இதையேதான் சொல்லும். அதைக் குற்றவாளி ஆக்கி என் பையில் கைவைத்தார்கள்.

பி0135 வந்தாலும் இதே கதைதான். அது சென்சாரைச் சூடாக்குகிற ஹீட்டரின் சர்க்யூட் கோட். முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ், அடுத்து எலி கடித்த ஒயர். நான்கு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டும் பெரும்பாலும் ஹீட்டருடையவை, மல்டிமீட்டர் வைத்தால் உடனே தெரிந்துவிடும். யார் வைக்கிறார்கள்? கேஸ்கெட் போட வேண்டிய ஜாயின்ட்டில் ஏதோ ஒரு சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். சென்சாருக்கு ஆகாத பேஸ்ட்டாக இருந்தால் அதன் ஆவியே நல்ல சென்சாரைக் கொன்றுவிடும். நோய் கொடுப்பதும் அவர்களே, மருந்து விற்பதும் அவர்களே.

இதையெல்லாம் விட என்னைக் கொதிக்க வைத்தது அங்கே கேட்ட இன்னொரு பேச்சு. "இதுக்கு ஏன் சார் இவ்ளோ டென்ஷன்? தெரிஞ்ச இடம் இருக்கு, சர்டிபிகேட் வாங்கிக்கலாம்." சைலன்சருக்குள் டெஸ்ட் மெஷின் குழாயை விடாமலேயே சான்றிதழ் அடித்துக் கொடுக்கிற இடமாம்! சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பயத்தைக் காட்டியே காகிதத்தை விற்கிறார்கள். வண்டி கக்குகிற கார்பன் மோனாக்சைடு அந்தக் காகிதத்தைப் பார்த்து நின்றுவிடுமா? சிக்னலில் நம் பின்னால் குழந்தையை முன்னால் உட்கார வைத்து பைக்கில் நிற்கிறவர் அதைத்தானே மூச்சாக இழுக்கிறார்? டெஸ்ட்டை யாரும் மதிக்காததால்தான் ஒழுங்காக ரிப்பேர் பார்க்கவும் யாருக்கும் அக்கறை இல்லை.

கேஸ்கெட்டை வேறு இடத்தில் மாற்றினேன், சில நூறு ரூபாயோடு முடிந்தது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி ஓட்டிக்கொண்டுபோய், வரிசையில் ஆஃப் செய்யாமல் நின்று, குழாயை உள்ளே விடச் சொல்லி டெஸ்ட் எடுத்தேன். பாஸ்.

நீங்களும் சென்சாரை மாற்றச் சம்மதிக்கும் முன், அது என்ன வோல்டேஜ் காட்டுகிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மாற்றினால் பழையதைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நான் கேட்டபோது "தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். என் காசில் வாங்கிய, என் வண்டியில் இருந்த சென்சாரை என்னைக் கேட்காமல் தூக்கிப் போட இவர்கள் யார்?