220-இல் வயதைக் கழித்தால் மட்டும் போதாது
அண்ணே, "220-இல் வயதைக் கழித்து, அதில் பாதிக்கு மேல் துடிப்பு ஏறாமல் சைக்கிள் மிதித்தால் இதயத்துக்கு ஆபத்தே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இதை நம்பிவிடாதீர்கள். 220-இல் வயதைக் கழித்து வருவது, இதயம் நிமிடத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்கும் என்பதன் சராசரிக் கணக்குதான். ஒரே வயதுக்காரர்களிடையே 10, 12 துடிப்பு கூடக்குறைய இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு பிசோப்ரோலோல், அட்டெனோலோல் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தே துடிப்பை அடக்கி வைக்கும். கைக்கடிகாரம் 100 காட்டும்போதே உடம்பு திணறிக்கொண்டிருக்கலாம். நம்ம மலேசியா சுங்கை சிப்புட் வெயிலிலோ நேர்மாறு, அதே வேகத்தில் போனாலும் வியர்க்க வியர்க்கத் துடிப்பு ஏறும். அதனால் விடியற்காலையில் கிளம்புங்கள். செம்பனைத் தோட்டத்து மேட்டில் கியரைக் குறைத்து, கூட வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற அளவுக்கு மிதியுங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ கடிகாரத்தைப் பார்க்காமல் இறங்கிவிடுங்கள். இறுக்கம் விடவில்லை என்றால் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள்.