மொசார்ட்டின் கல்லறை: வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை தவறு

“இசை மாமேதை மொசார்ட்டை அடக்கம் செய்யக் காசில்லை, அநாதைப் பிணங்களோடு ஒரே குழியில் வீசினார்கள். இதோ அவர் எலும்புகள் உள்ள கல்லறை” என்று வியன்னா மத்திய கல்லறைத் தோட்டத்தின் படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது. கண்ணீர் வரவழைக்கும் கதைதான். ஆனால் முன்பாதியும் தவறு, பின்பாதியும் தவறு.

1791 டிசம்பரில் அவர் புதைக்கப்பட்டது வியன்னாவின் லாண்ட்ஷ்ட்ராசே மாவட்டத்திலுள்ள புனித மார்க்ஸ் கல்லறைத் தோட்டத்தில். புனித ஸ்டீபன் பேராலயப் பதிவேட்டில் மூன்றாம் வகுப்பு அடக்கம், கட்டணம் அன்றைய நாணயத்தில் 8 ஃபுளோரின் 56 கிராய்ட்சர் என்று இருக்கிறது. அநாதை அடக்கத்துக்கு யார் கட்டணம் கட்டுவார்கள்? அன்றைய நகரவாசிகள் பலருக்கும் இதே மூன்றாம் வகுப்பு அடக்கம்தான் நடந்தது. குழிகளைச் சில ஆண்டுகளில் மறுபடி தோண்டிப் பயன்படுத்தினார்கள். அவரைப் புதைத்த இடம் துல்லியமாகத் தெரியாமல் போனது அதனால்தான்.

மத்திய தோட்டத்தில் இருப்பது வெறும் நினைவுச்சின்னம். 1859இல் புனித மார்க்ஸில் நிறுவி, 1891இல் இடம் மாற்றினார்கள். பழைய இடத்தில் இன்று உடைந்த தூணில் சாய்ந்து, தலையில் கைவைத்தபடி ஒரு குட்டித் தேவதை நிற்கிறது. 1874இல் மூடப்பட்ட அத்தோட்டம் இப்போது பூங்கா. வசந்தத்தில் லைலாக் பூத்துக் குலுங்கும்.

வியன்னா மாநகரத்தின் வரலாற்று இணையதளத்தில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.