மாடிக்கு ஓடிய சாம்பிள்

(திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் பிரிவு. பேட்டர்ன் மாஸ்டர் சட்டையெல்லாம் நூல் பிசிறோடு படியிறங்கி வருகிறார். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் மெர்ச்சண்டைசர் பெண் இரண்டு நாள் லீவு முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைகிறாள். மாஸ்டருக்கு அவள் எப்போதும் அம்மிணிதான்.)

அம்மிணி: ஏனுங்க மாஸ்டர், இப்படி மூச்சு வாங்குது?

மாஸ்டர்: நீ பாட்டுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்விட்டாய். நேற்று மத்தியானம் அயர்லாந்து பையர் மெயில் போட்டுவிட்டான். பேக்கிங் பையன்தான் படித்துச் சொன்னான். முதல் வரியே "ரன் அப் எ சாம்பிள்". ரன் என்றால் ஓடு, அப் என்றால் மேலே. நேற்றிலிருந்து சாம்பிளைத் தூக்கிக்கொண்டு நாலு தடவை மாடிக்கு ஓடிவிட்டேன். அங்கே தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

அம்மிணி: அட கடவுளே! ஒரு சாம்பிளைச் சட்டென்று தைத்துக் கொடு என்கிறான் மாஸ்டர்.

மாஸ்டர்: தைப்பதற்கு எதற்கு ஓட வேண்டும்? முப்பது வருஷமாக உட்கார்ந்துதானே தைக்கிறேன்!

அம்மிணி: இதற்குப் பெயர் ஃப்ரேசல் வெர்ப். வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், ஆஃப், அவுட், இன் என்று ஒரு வால் ஒட்டும். ஒட்டியதும் அர்த்தமே மாறிவிடும்.

மாஸ்டர்: நம்ம லைன் சூப்பர்வைசருக்குப் பதவி ஒட்டிய மாதிரி. சரி, இரண்டாவது வரியைச் சரியாகச் செய்துவிட்டேன். "டேக் இன் தி வேஸ்ட்." வெளியே கிடந்த கட்டிங் வேஸ்ட் 14 மூட்டையையும் உள்ளே எடுத்து அடுக்கியாயிற்று.

(மூலையில் மூட்டைகள் உத்தரம் வரை நிற்கின்றன. திருப்பூரில் வேஸ்ட் என்றால் எல்லோரும் முதலில் மூட்டையைத்தான் பார்ப்பார்கள். மாஸ்டரைச் சொல்லிக் குற்றமில்லை.)

அம்மிணி: அது இடுப்பு மாஸ்டர், இடுப்பு! டேக் இன் என்றால் பிடித்துத் தைப்பது. லெட் அவுட் என்றால் பிரித்து லூஸ் விடுவது.

மாஸ்டர்: (குரல் இறங்கி) லெட் அவுட்டும் வந்தது. "லெட் அவுட் தி பாட்டம்." பாட்டம் என்றால் கீழ்த்தளம்தானே, வெளியே விடச் சொல்கிறானே என்று கீழே இருந்த அத்தனை பேரையும் 4 மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பெண்களெல்லாம் என்னை வாழ்த்திக்கொண்டே போனார்கள்.

அம்மிணி: பனியனின் கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக்கு என்றிருக்கிறான். வேறு ஏதாவது உண்டா?

மாஸ்டர்: கடைசி வரி. "ப்ளீஸ் நாக் ஆஃப் ஃபைவ் சென்ட்ஸ்." அதை நான் தொடவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவினாசி ரோட்டில் அவருக்கு ஐந்து சென்ட் இடம் இருக்கிறதே, அதில் இருக்கிற குடோனைத்தான் இடித்துத் தள்ளச் சொல்கிறான் என்று நினைத்து, காலையிலேயே பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மிணி: பீஸுக்கு ஐந்து சென்ட் விலையைக் குறைக்கச் சொல்கிறான் மாஸ்டர்! அயர்லாந்தில் யூரோ. நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு யூரோ.

மாஸ்டர்: நமக்கு நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு ஏக்கர். விலை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதுதானே?

அம்மிணி: சரி, விடுங்கள். இந்த ஆஃப் எல்லோரையும்தான் படுத்துகிறது. லைட் கோஸ் ஆஃப் என்றால் அணைகிறது. அலாரம் கோஸ் ஆஃப் என்றால் அடிக்கிறது. பால் கோஸ் ஆஃப் என்றால் கெட்டுப்போகிறது.

மாஸ்டர்: ஒரே ஆஃப்! ஒன்று அணைகிறது, ஒன்று அலறுகிறது, ஒன்று திரிகிறது. இதை எவனும் தட்டிக் கேட்கவில்லையா?

அம்மிணி: 1755-ல் ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே, வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் திணறுவது இந்த வால்களில்தான் என்று முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார்.

மாஸ்டர்: தெரிந்தும் திருத்தவில்லை பார். நம்ம தமிழில் இந்த வம்பே கிடையாது. போ என்றால் போ, தள்ளு என்றால் தள்ளு.

அம்மிணி: பால் கெட்டுப்போனது என்கிறோமே, எங்கே போனது?

மாஸ்டர்: ம்...

அம்மிணி: போடு என்றால் கீழே போடுவது. அப்படியானால் நான் லீவை எங்கே போட்டேன்? பையர் மெயிலை எங்கே போட்டான்? வந்ததும் வராததுமாக நீங்கள்தான் சொன்னீர்கள். பூனை குட்டி போடுகிறது, முதலாளி சத்தம் போடுகிறார், சீட்டு பிடித்தவன் நாமம் போடுகிறான், அத்தை சாப்பாடு போடுகிறாள். ஒரு வெள்ளைக்காரன் இதையெல்லாம் கேட்டால் என்ன ஆவான்?

மாஸ்டர்: அத்தை வீட்டுப் பக்கமே வரமாட்டான்.

அம்மிணி: போன வாரம் புது டெய்லரைப் பற்றி என்ன சொன்னீர்கள்?

மாஸ்டர்: கெட்டிக்காரன், ஒரே ஷிஃப்டில் 200 பீஸ் தைத்துத் தள்ளிவிட்டான் என்றேன்.

அம்மிணி: யாரைத் தள்ளினான்?

(மாஸ்டர் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்துச் சுருட்டுகிறார். மறுபடி பிரிக்கிறார்.)

மாஸ்டர்: அப்படியானால் ரன் அப் என்பது...

அம்மிணி: தைத்துத் தள்ளு.

மாஸ்டர்: அட! அதைத் தமிழிலேயே எழுதியிருந்தால் நான் எதற்கு மாடி ஏறப் போகிறேன்?

(அவருடைய போன் அடிக்கிறது. "சரிங்க முதலாளி, சரிங்க" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு வைக்கிறார்.)

அம்மிணி: என்னவாம்?

மாஸ்டர்: வக்கீல் ஆள் வைத்து அளந்து பார்த்தாராம். இடம் ஐந்து சென்ட் இல்லையாம், மூன்று சென்ட்தானாம். மீதியைப் பக்கத்துக் காம்பவுண்ட்காரன் அமுக்கிவிட்டான். முதலாளி கொதித்துப்போய், "ஃபைவ் இல்லை, த்ரீ சென்ட்ஸ் ஒன்லி" என்று பையருக்கு அவரே பதில் அனுப்பிவிட்டாராம்.

(அம்மிணி பதறிப்போய் கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். படிக்கிறாள். மறுபடி படிக்கிறாள்.)

அம்மிணி: மாஸ்டர், பையர் மூன்று சென்ட்டுக்கே ஒத்துக்கொண்டான்!

மாஸ்டர்: சந்தோஷம். அப்போது குடோனை இடிக்க வேண்டுமா, வேண்டாமா?