ஆயிரம் வருஷத்துப் பாட்டு என்று நினைத்திருந்தேன்

போன வாரம் டப்ளினில் ஒரு பழைய தேவாலயத்தில் அனூனா என்ற ஐரிஷ் பாடகர் குழுவின் கச்சேரிக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன், நேரில் இதுதான் முதல் தடவை. இந்தப் பைத்தியம் பிடித்தது ரிவர்டான்ஸ் வீடியோவில். 1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் இடைவேளைக்காகப் போட்ட ஏழு நிமிஷ ஐரிஷ் நடன நிகழ்ச்சி அது, எல்லோரும் அந்தக் கால் தாளத்துக்காகப் பார்ப்பார்கள். ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்னால் ஒரு கூட்டம் அசையாமல் நின்று பாடுமே, அதுதான் அனூனா, நான் அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர்களுடைய ஐரிஷ் மொழிப் பாட்டுகளையும் தேடிக் கேட்டேன். அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. காதில் விழுந்ததைத் தமிழில் எழுதி வைத்துக் குளியலறையில் பாடினேன். (அந்த மொழியின் எழுத்தைப் பார்த்துப் படிக்கவே முடியாது, எழுதியதில் பாதியை விழுங்கிவிடுவார்கள்.)

டிக்கெட்டைப் பார்த்ததும் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சிரித்தார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கானமாராப் பக்கம், ஐரிஷ்தான் அவருக்கு வீட்டு மொழி. "அது எங்க ஊர்ப் பாட்டே இல்லை. எங்க ஊரில் ஒருத்தர் பாடுவார், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்போம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரிதான். ஷான் நோஸ், அதாவது 'பழைய முறை', என்று இவர்கள் சொல்லும் பாட்டு தனிக்குரல். பக்கவாத்தியம் கிடையாது, சேர்ந்து பாடும் இசைவுக் குரல்களும் கிடையாது. அனூனாவை மைக்கேல் மெக்ளின் என்ற டப்ளின்காரர் தொடங்கியது 1987-இல். பாடுவதில் சில மத்திய காலத்தவை, நிறைய அவரே இயற்றியவை. நான் உயிரை விடும் 'டூலமான்' கூட, கடற்பாசியைப் பற்றிய பழைய நாட்டுப்புற வரிகளுக்கு அவர் போட்ட புது மெட்டு. மெழுகுவர்த்தியையும் நீள அங்கியையும் பார்த்து, ஏதோ மடாலயத்துச் சுவரிலிருந்து இறங்கி வந்த இசை என்று இத்தனை வருஷம் நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

இந்த மனத்தாங்கலோடுதான் போய் உட்கார்ந்தேன். விளக்குகளை அணைத்தார்கள், மேடையில் ஆளே இல்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது, அப்புறம் இடப்பக்கம் ஒன்று, அப்புறம் என் தோளுக்குப் பக்கத்திலேயே ஒன்று. கையில் மெழுகுவர்த்தியோடு இருக்கைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடுகிறார்கள், முன்னால் நின்று கையசைத்து நடத்த யாரும் இல்லை, ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்டுத்தான் சேருகிறார்கள். என்னைக் கடந்து போன ஆண் பாடிய கீழ்ச்சுருதி இத்தனை வருஷமும் நான் கவனிக்காத ஒன்று. ஹெட்போனில் எல்லாம் ஒரே மாவாகக் கலந்து கிடந்திருக்கிறது! தூங்க வைப்பது, சிரிக்க வைப்பது, அழ வைப்பது என்று பழைய ஐரிஷ் இசையில் மூன்று வகை உண்டாம், குழுவின் பெயரே அந்த மூன்றையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். எனக்கு அன்று மூன்றாவது வகை. முன் வரிசைக்காரர் முழுக்க முழுக்க செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார், அவருக்கு எந்த வகை என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அலுவலக நண்பர் என்னை ஒரு மதுக்கடையின் பின்னறைக்குக் கூட்டிப்போனார். ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பாட, பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்படிச் செய்வது வழக்கமாம். நடுநடுவே கேட்பவர்கள் தாழ்ந்த குரலில் சபாஷ் மாதிரி ஏதோ சொல்கிறார்கள். பெரியவர் கடைசி வரியைப் பாடாமல் பேச்சாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதுவும் வழக்கம்தானாம்.

இதில் எது அசல் என்று சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பழசு என்பதற்காக அல்ல, குரலுக்காகத்தான் அழுதேன். அந்தக் குரல்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டால் கானமாராக்காரரும் வாயை மூடிக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பின்னறைக்குப் போகாமல் 'கெல்டிக் இசை' என்று மெழுகுவர்த்தியை மட்டும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது என் சோம்பேறித்தனம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த அனூனா கச்சேரிக்கு அந்த நண்பருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப்போகிறேன். வரமாட்டேன் என்கிறார், பார்க்கலாம். நீங்கள் போவதாக இருந்தால் முதல் வரிசைக்குக் காசு கொட்டாதீர்கள். நடைவழி ஓரத்தில், நடுப்பகுதியில் எடுங்கள்.