ஆரஞ்சுத் துணி இருட்டில் மின்னாது

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் போடும் பளீர் ஆரஞ்சு ஜாக்கெட் இருந்தால், விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பவர்களும் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரிவார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணம்தான், ஆனால் சரியல்ல. அந்தத் துணி பளீரிடுவது வெயிலின் புற ஊதாக் கதிரால்; வேட்டைக்கு அது உதவுவதும் பகல் வெளிச்சத்தில்தான். ஹெட்லைட்டில் அந்தக் கதிர் மிகக் குறைவு. இருட்டுக்கு வேண்டியது வெள்ளி நிற ரிஃப்ளெக்டர் பட்டை. விழும் ஒளியை வந்த திசைக்கே அது திருப்பி அனுப்பும்.

நீங்களே பார்க்கலாம். இரவில் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, இந்தப் பட்டை வைத்த ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கொடியில் போட்டு, முப்பது தப்படி தள்ளி நில்லுங்கள். டார்ச்சைக் கண்ணோரம், நெற்றிப்பொட்டில் ஒட்டிப் பிடியுங்கள். பட்டை வெள்ளையாய் எரியும், துணி மங்கிக் கிடக்கும். டார்ச்சை இடுப்புக்கு இறக்கினால் பட்டையும் மங்கும். அதனால் அங்கே வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரைக்குப் போகிறவர்கள் கணுக்காலிலும் ஒரு பட்டை கட்டுங்கள். கால் அசைவைப் பார்த்ததுமே ஆள் என்று ஓட்டுநருக்குப் புரியும். உப்பும் மீன் செதிலும் படிந்தால் பட்டை மங்கிவிடும், நல்ல தண்ணீரில் அலசுங்கள்.