பேராதனையை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்

காலையில் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைத் தாவரவியற் பூங்கா, மாலையில் கொழும்பில் இசை நாடகம் என்று, கொழும்பிலிருந்து போய்வருவோருக்காக ஒரு பயணக் கட்டுரையாளர் வகுத்துள்ள ஒருநாள் பயணம் வாசிக்க இனிமையாக இருக்கிறதே தவிர, நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், 147 ஏக்கரைச் சுற்றி, மீண்டும் அதே வீதியில் திரும்புபவர் அரங்கில் உறங்கிவிடுவார். நான் உறங்கியிருக்கிறேன், பாதி நாடகத்தில் மனைவி இடித்துத்தான் எழுப்பினார்.

கொழும்பில் வசிப்போருக்கு, அருகிலேயே இருக்கும் கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவே பொருத்தமானது. 1876 இல், பிரேசில் விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த இறப்பர் கன்றுகளை வளர்ப்பதற்கென்றே தொடங்கப்பட்ட இடம் அது. பின்னாளில் மலையகத்தின் அடிவாரமெங்கும் பரவிய இறப்பர்த் தோட்டங்களின் கதை அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. மரத்தடியில் கிடந்த புள்ளி விழுந்த இறப்பர் விதையொன்றை என் மகள் கல்லில் தேய்த்து, சூடேறியதும் தம்பியின் கையில் வைத்து அலற வைத்தாள்.

பிற்பகல் கம்பஹாவிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயிலேறினால், குளித்து உடைமாற்றிக்கொண்டு, 1953 இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்குக்கு ஆறுதலாகவே போய்ச் சேரலாம். சிறிய அரங்கு என்பதால், பாடுபவர் மூச்செடுப்பதுகூடப் பின்வரிசைக்குக் கேட்கும்.