என்.ஓ., என்.சி. இரண்டும் ஒன்றல்ல

லிமிட் சுவிட்சில் (நகரும் பகுதி வந்து தொட்டதும் இயங்கும் சுவிட்ச்) என்.ஓ. (தொடாதபோது திறந்திருப்பது), என்.சி. (தொடாதபோது மூடியிருப்பது) என்ற தொடர்புகளில் எதை இணைத்தாலும் பி.எல்.சி.யின் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) நிரலில் திருப்பிக்கொள்ளலாம், ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று சிலர் சொல்வது நிரலின் அளவில் சரி. கம்பியின் அளவில் தவறு. நகரும் பகுதி எல்லையைத் தாண்டாமல் நிறுத்தும் சுவிட்சை என்.ஓ. தொடர்பில் இணைத்தால், கம்பி அறுந்தாலோ முனையத் திருகு தளர்ந்தாலோ பி.எல்.சி. உள்ளீட்டில் எந்த மாற்றமும் தெரியாது. இயந்திரம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும், எல்லையில் மோதும்போதுதான் பழுது வெளிப்படும். என்.சி. தொடர்பில் 24 வோல்ட் எப்போதும் உள்ளீட்டுக்கு வந்துகொண்டிருப்பதால், கம்பி அறுந்த உடனேயே உள்ளீடு அணைந்து, நிரலும் அதற்கேற்ப எழுதப்பட்டிருந்தால், இயந்திரம் நின்றுவிடும். (அந்தக் கம்பி வேறொரு 24 வோல்ட் கம்பியோடு உரசிச் சேர்ந்துவிட்டால் என்.சி.யும் காப்பாற்றாது, ஆள் அடிபடக்கூடிய இடங்களில் இரட்டைத் தொடர்பும், அவை ஒத்துப்போகாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்பு ரிலேயும் வேண்டும்.) பெட்டிகளை எண்ணும் சுவிட்சுக்கு என்.ஓ. தாராளமாகப் போதும்.

சாதாரண சுவிட்சுக்கும், மின்னணு உணரிகளுக்குப் பார்ப்பதுபோல், பி.என்.பி. (உள்ளீட்டுக்கு 24 வோல்ட் தருவது), என்.பி.என். (0 வோல்ட்டோடு இணைப்பது) வகை பார்த்தே வாங்க வேண்டும் என்பதும் தேவையற்ற அச்சமே. வெறும் தொடர்புக்குத் துருவம் கிடையாது. உள்ளீட்டின் பொது முனை (பல உள்ளீடுகளுக்கும் பொதுவான இணைப்பு) 0 வோல்ட்டில் இருந்தால் சுவிட்சின் மறுமுனைக்கு 24 வோல்ட்டும், பொது முனை 24 வோல்ட்டில் இருந்தால் 0 வோல்ட்டும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.